பார்க் தெருவில் ஒரு பட்டுப்புடவை

"ஏண்டி, அங்கேயா போகப் போறே? அதுவும் ராத்திரி வேளையிலா?"

அத்தையின் கையில் இருந்த தோசைத் திருப்பி அப்படியே நின்றுவிட்டது. தோசை தீய்ந்து வாசனை வந்த பிறகுதான் மறுபடி அசைந்தது. நான் ஒன்றும் பெரிய அபசாரம் செய்துவிடவில்லை. "இன்று சாயங்காலம் பார்க் தெருவுக்குப் போய்விட்டு வரட்டுமா, அத்தை?" என்றுதான் கேட்டேன்.

அத்தை இருப்பது கல்கத்தாவில். 2001-ஆம் வருஷம் ஊரின் பெயரைக் கொல்கத்தா என்று மாற்றினார்கள். அத்தை மட்டும் இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை. 1965-ல் கல்யாணமாகி, லேக் மார்க்கெட் பக்கம் குடித்தனம் வைக்க வந்தவள். முருங்கைக்காய், வாழையிலை, காப்பிப் பொடி, அப்பளம் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும் அந்தப் பேட்டையை வங்காளத்து மயிலாப்பூர் என்றே சொல்லலாம். அங்கிருந்து அத்தை காளிகாட்டுக்குப் போவாள், தட்சிணேசுவரம் போவாள், பேலூர் மடத்துக்குப் போவாள். பார்க் தெருவை மட்டும் அறுபது வருஷமாக பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. அதிலும் பாதி நாள் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள் என்று என் சந்தேகம்.

"நல்ல குடும்பத்துப் பெண்கள் போகிற இடமா அது?" என்றாள்.

இந்தக் கேள்வியைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். இரவு விடுதிகளைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதுவதாவது என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தொடர்கதை எங்கேயும் ஓடிவிடாது.

"பத்திரிகைக்குக் கட்டுரை எழுதணும் அத்தை, உத்தியோக விஷயம்" என்று கெஞ்சினேன். அத்தை சற்று யோசித்தாள். பிறகு மூன்று நிபந்தனைகள் போட்டாள். ஒன்று, நான் தனியாகப் போகக் கூடாது, அவளும் வருவாள். இரண்டு, ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மூன்று, இந்தச் சமாசாரம் என் அப்பாவின் காதுக்கு எட்டக் கூடாது. எழுபத்தொன்பது வயதில் தம்பிக்குப் பயப்படும் அக்காவை நான் அன்றுதான் பார்த்தேன்.

* * *

காளிகாட் ஸ்டேஷனில் மெட்ரோ ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் பார்க் தெரு. அது டிசம்பர் மாதக் கடைசி. கிறிஸ்துமஸை ஒட்டி அந்தத் தெரு முழுவதும் விளக்குத் தோரணம் கட்டியிருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் சுமந்த தகப்பன்மார்கள், புதுப் புடவைக்காரிகள், பலூன்காரர்கள் என்று நம் ஊர்த் தேர்த் திருவிழா போல ஜனக் கூட்டம். அத்தை என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு காலத்தில் அந்தத் தெருவுக்கு 'இடுகாட்டுச் சாலை' என்று பெயர். வெள்ளைக்காரர்களுக்காக 1767-ல் ஏற்பட்ட பெரிய கல்லறைத் தோட்டத்துக்கு அந்த வழியாகத்தான் சவ ஊர்வலம் போகும். பிறகு, சுப்ரீம் கோர்ட் நீதிபதியாக இருந்த ஸர் எலிஜா இம்பேயின் பங்களாவைச் சேர்ந்த மான் பூங்கா அங்கே இருந்ததால் பார்க் தெரு ஆயிற்று. இப்போது சர்க்கார் பலகையில் 'மதர் தெரேசா சரணி' என்று எழுதியிருக்கிறது. இடுகாடு, மான், புனிதவதி என்று ஒரே தெரு மூன்று பிறவி எடுத்துவிட்டது. "நமக்குத்தான் ஒரே பிறவி" என்றாள் அத்தை.

தெருவில் நடந்தால் பெயர்ப் பலகைகளே சரித்திரம் சொல்லும். ஃப்ளூரீஸ் கேக் கடை 1927-ல் ஸ்விட்சர்லாந்துத் தம்பதிகள் ஆரம்பித்தது. அவர்களோடு கூட்டாக இருந்த டிரிங்கா என்பவர் பிரிந்துபோய், 1939-ல் எதிர்ச் சாரியில் தன் பெயரில் ஒரு தேநீர்க் கடை வைத்தார். டிரிங்காஸ் என்ற அந்தக் கடை 1959-ல் கை மாறி, பாட்டும் வாத்தியமும் உள்ள உணவு விடுதியாயிற்று. அதற்கு முன்பே 1956-ல் மொகாம்போ வந்துவிட்டது. முகப்பில் காற்றாலையோடு மூலான் ரூஷ் இருக்கிறது. ஸ்கை ரூம் 1993-ல் மூடப்பட்டது. புளூ ஃபாக்ஸ் இருந்த இடத்துக்குப் பின்னால் ஒரு ஹாம்பர்கர் கடை வந்தது.

இத்தனை இரவு விடுதிகள் கல்கத்தாவில் மட்டும் ஏன் முளைத்தன? நம் மாகாணத்தில் 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவிவிட்டது. பம்பாயிலும் 1949-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி, தேக அசௌக்கியம் என்று பெர்மிட் வாங்கினால்தான் ஒரு மிடறு. வங்காளத்தில் அந்தத் தடை இல்லை. வியாபாரக் கம்பெனிகளின் தலைமை ஆபீஸ்கள் அங்கே இருந்தன. செலவழிக்கக் கனவான்கள் இருந்தார்கள். எனவே கோவாவிலிருந்து சாக்ஸபோன்காரர்களும், டார்ஜிலிங்கிலிருந்து பியானோக்காரர்களும், பெங்களூரிலிருந்து கிட்டார் வாசிக்கும் பையன்களும் அந்தத் தெருவைத் தேடி வந்தார்கள். டிரிங்காஸில் பாடிய பெங்களூர்ப் பையன் பித்து, பிற்பாடு லண்டன் போய் 1974-ல் உலகமெல்லாம் விற்ற ஓர் இசைத்தட்டைத் தயாரித்தார். புளூ ஃபாக்ஸில் வாசித்த லூயி பாங்க்ஸ் பம்பாய் போய்ப் பெரும் பெயர் எடுத்தார்.

ஆண்கள் வாசித்தார்கள். பாடியவர்களில் பெண்கள் உண்டு. 'குரூனர்' என்று அவர்களைச் சொல்வார்கள். அவர்களில் பாம் கிரெய்னுக்குப் பார்க் தெருவின் ராணி என்றே பட்டம். மொகாம்போவில் ஆரம்பித்து வெகு காலம் பாடி, 2013-ல் காலமானார். மாலையில் தலைவாரி, முகம் திருத்தி, ஊரார் வீடு திரும்பும் நேரத்தில் வேலைக்குக் கிளம்பி, நள்ளிரவில் களைத்து வீடு வருவது இவர்கள் பிழைப்பு. கேட்டவர்கள் கை தட்டினார்கள். ஆனால் கை தட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் மனைவிக்கோ மகளுக்கோ இவர்களை அறிமுகம் செய்து வைத்திருப்பார்கள்?

* * *

இப்போது நம் வீட்டுப் பெண் ஒருத்தியின் கதைக்கு வருகிறேன்.

1969-ஆம் வருஷம். சென்னை மவுண்ட் ரோட்டில் 'நைன் ஜெம்ஸ்' என்று ஒரு விடுதி. அங்கே உஷா என்ற தமிழ்ப் பெண் மேடை ஏறினாள். 1947-ல் பம்பாயில் பிறந்தவள். தகப்பனார் போலீஸ் அதிகாரி. கரகரத்த கனத்த குரல். பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில், இந்தக் குரல் ஒத்து வராது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் குரலோடு, உடம்பை ஒட்டிய கவுன் இல்லாமல், பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு ஆங்கிலப் பாட்டுப் பாடினாள். விடுதிக்காரர் இன்னும் ஒரு வாரம் இருந்து பாடும்படி கேட்டுக்கொண்டார். பிறகு பம்பாய், அதன் பிறகு கல்கத்தா டிரிங்காஸ்.

யோசித்துப் பாருங்கள், சகோதரிகளே! சாராய நெடியும் சிகரெட் புகையும் சூழ்ந்த கூடத்தில், காஞ்சீபுரம் பட்டும், தலையில் மல்லிகையும், நெற்றியில் பெரிய பொட்டுமாக ஒரு பெண். அவர் மாறுவேஷம் போடவில்லை. வீட்டில் எப்படி இருந்தாரோ அப்படியே மேடையிலும் நின்றார். டிரிங்காஸில்தான் அவர் தம் வருங்காலக் கணவரைச் சந்தித்தார். உஷா ஐயர், உஷா உதுப் ஆனார். 1990-ல் வந்த 'அஞ்சலி' படத்தில் இளையராஜாவின் இசையில் அவர் பாடியதை நம் வீட்டுக் குழந்தைகளே பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

எல்லாம் சுகமாக நடந்துவிடவில்லை. 1980-களின் தொடக்கத்தில் வங்காளத்து மந்திரி ஒருவர் அவர் பாடுவதை 'அபசம்ஸ்கிருதி', அதாவது கெட்ட கலாசாரம் என்றார். சர்க்கார் அரங்கில் பாட இடமில்லை என்று ஆயிற்று. உஷா அழுதுகொண்டு உட்காரவில்லை, வழக்குப் போட்டார். 1984-ஆம் வருஷத்துத் தீர்ப்புப் புத்தகத்தில் கல்கத்தா ஹைகோர்ட்டின் அந்தத் தீர்ப்பு அவர் பெயராலேயே இருக்கிறது. ஜயித்தவர் உஷாதான். 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண். இன்றும் பொட்டில் வங்காளி 'க' எழுத்தோடுதான் மேடை ஏறுகிறார். 'க' என்றால் கல்கத்தா.

இதையெல்லாம் ஒரு விடுதியில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழ ஸோடாவை உறிஞ்சிக்கொண்டே அத்தையிடம் சொன்னேன். விடுதிக்குள் நுழைய அத்தை கொஞ்சம் தயங்கினாள். உள்ளே மூன்று தலைமுறையாக ஒரு வங்காளிக் குடும்பம் பேத்தியின் பிறந்த நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்ததைக் கண்ட பிறகுதான் உட்கார்ந்தாள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை.

"உன் அத்திம்பேர் இங்கே வந்திருக்கார்" என்றாள் திடீரென்று.

நான் ஸோடாவைக் கீழே வைத்தேன்.

"எழுபதாம் வருஷமோ, எழுபத்தொண்ணோ. ஆபீஸ்ல யாரோ துரை ஊருக்குப் போறான்னு விருந்து. கோட்டுப் பையிலே ஒரு தீப்பெட்டி இருந்தது. இந்தத் தெரு ஹோட்டல் பேர் அச்சடிச்சது. நான் கேக்கலை, அவரும் சொல்லலை. அன்னிக்குச் சாயங்காலம் அந்தத் தீப்பெட்டியாலேதான் ஸ்வாமி விளக்கேத்தினேன்."

"கோபம் வரவில்லையா, அத்தை?"

"அவர் வந்ததிலே கோபம் இல்லைடி. ஒரு வாரம் கழிச்சு, அவர் சிநேகிதர் கிட்டே சொல்லிண்டிருந்தார்: பாட்டுப் பிரமாதம், ஆனா அந்த மாதிரி இடத்திலே பாடறவாளை என்னத்தைச் சொல்றதுன்னு. நான் காப்பி கொண்டு வெச்சுட்டு வந்தேன். கேட்டவா நல்லவா, பாடினவ மட்டும் எப்படிக் கெட்டவ ஆனாள்னு அப்போ தோணித்து. யார் கிட்டே கேக்கறது?"

* * *

அந்தக் கேள்வியை அத்தை ஐம்பத்து சொச்சம் வருஷம் மனத்திலேயே வைத்திருந்தாள். நாட்டிலே மற்றவர்கள் அதைக் கோர்ட்டில் கேட்டார்கள்.

மது வழங்கும் இடங்களில் பெண்கள் வேலை பார்க்கக் கூடாது என்று 1914-ஆம் வருஷத்துப் பஞ்சாப் கலால் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. டில்லியிலும் அதுவே சட்டம். ஹோட்டல் நிர்வாகம் படித்துவிட்டு வந்த பெண்களுக்கு அந்தப் பிரிவு முட்டுக்கட்டையாக நின்றது. 2007-ல் சுப்ரீம் கோர்ட் அது செல்லாது என்றது. ஆபத்து இருக்கிறது என்று பெண்ணின் வேலையைப் பறிப்பது பாதுகாப்பு ஆகாது. வேலை பார்க்கும் இடத்தைப் பத்திரமாக்குவதே சர்க்காரின் கடமை என்பது தீர்ப்பின் சாரம். மகாராஷ்டிரத்தில் இசைக் குழு வைக்கும் மதுக்கூடங்களில் நாலு ஆண், நாலு பெண்ணுக்கு மேல் மேடையில் கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். எட்டுப் பேர் என்ற அளவு இருக்கட்டும், அதில் எத்தனை பெண்கள் என்று கட்டுப்படுத்தக் கூடாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் அதையும் நீக்கியது. வங்காளத்திலேயே 1909-ஆம் வருஷத்துக் கலால் சட்டத்தில் இருந்த தடையை எடுத்துவிட 2025 மார்ச்சில்தான் சட்டசபை மசோதா நிறைவேற்றியது.

சட்டம் மாறிவிட்டது. வாய் மாறிற்றா?

பார்க் தெருவில் 2012 பிப்ரவரியில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரண்டு பெண் குழந்தைகளின் தாய் ஒருத்தி, இரவு விடுதியிலிருந்து வெளியே வந்தாள். வீட்டில் விடுகிறோம் என்று காரில் ஏற்றிக்கொண்டவர்கள், ஓடும் காரில் அவளைச் சீரழித்தார்கள். அவள் போலீஸுக்குப் போனாள். அவளுக்குக் கிடைத்த முதல் பதில் என்ன? ஜோடித்த கதை என்றார்கள், அதிகாரத்தில் இருந்த பெரியவர்கள். இரண்டு குழந்தைகளின் தாய்க்கு அந்த நேரத்தில் அங்கே என்ன வேலை என்று ஒரு மந்திரியே கேட்டார். நகரத் துப்பறியும் இலாகாவின் தலைவியாக இருந்த தமயந்தி சென் என்ற அதிகாரிதான் நடந்தது உண்மை என்று நிலைநாட்டினார்.

'பார்க் தெருப் பெண்' என்றே ஊர் அவளை அழைத்தது. 2013-ல் அவர் தாமாகவே முகத்தையும் பெயரையும் வெளியிட்டார்: சுசெட் ஜோர்டன். முகத்தை மறைக்க வேண்டியவள் தான் அல்ல என்றார். 2015 மார்ச்சில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். அதே டிசம்பரில் மூவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தபோது, கேட்க அவர் இல்லை.

அத்தை கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தாள். "அப்போ நானும் அதையேதான் கேட்டேன். அந்த நேரத்திலே அவளுக்கு அங்கே என்ன வேலைன்னு."

எனக்கு அத்தையின் மேல் வருத்தம் வரவில்லை. நானும் கேட்டவள்தான். என் ஆபீஸில், காப்பி குடித்துக்கொண்டே, சர்வ சாதாரணமாக.

* * *

இந்தக் கேள்வி இரவு விடுதியோடு நிற்பதில்லை என்பதுதான் விபரீதம். 2024 ஆகஸ்டில் அதே ஊரில், சர்க்கார் ஆஸ்பத்திரி ஒன்றில், ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டிருந்த இளம் டாக்டர் கொலை செய்யப்பட்டார். அவர் கிளப்புக்குப் போகவில்லை. நோயாளிகளைப் பார்க்கப் போனவர். ஆகஸ்டு 14-ஆம் தேதி நடுநிசியில், இரவு எங்களுடையது என்று ஆயிரக் கணக்கான பெண்கள் தெருவில் இறங்கினார்கள். சர்க்கார் என்ன செய்தது? கூடிய மட்டில் பெண்களுக்கு ராத்திரி வேலை கொடுக்க வேண்டாம் என்று ஒரு யோசனையை வெளியிட்டது. சுப்ரீம் கோர்ட் கண்டித்தது. பெண்களை வீட்டில் உட்காரச் சொல்லாதீர்கள், பாதுகாப்புக் கொடுங்கள் என்றது.

பாடகிக்குச் சொன்ன அதே வார்த்தை கடைசியில் டாக்டரிடம் வந்து நின்றது, பார்த்தீர்களா? நாளைக்கு நர்ஸிடம் வரும். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் உங்கள் மகளிடம் வரும். கடைசி ரயிலில் வீடு திரும்பும் என்னிடமும் வரும்.

மதுவை நான் சிபாரிசு செய்யவில்லை. குடியினால் தாலியை அடகு வைத்த பெண்கள் நம் எல்லோர் தெருவிலும் இருக்கிறார்கள். குடிக்கிறவனைக் கண்டிக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அவன் குடித்த இடத்தில் நியாயமாகப் பாடிச் சம்பளம் வாங்குகிற பெண்ணின் தலையில் அந்தப் பழியை ஏன் இறக்குகிறோம்?

எங்கள் விடுதியில் பாட்டு ஆரம்பித்தது. இருபத்தைந்து வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பழைய ஹிந்திப் பாட்டு ஒன்று, ஆங்கிலப் பாட்டு இரண்டு பாடினாள். மணி ஒன்பது அடித்தது. அத்தை எழுந்திருக்கவில்லை. இடைவேளையில் அந்தப் பெண் எங்கள் மேஜைப் பக்கம் வந்தபோது, அத்தை தன் அறுபது வருஷத்து வங்காளியில் அவளை நிறுத்தினாள். "நன்றாகப் பாடினாய், அம்மா. ராத்திரி எப்படி வீட்டுக்குப் போவாய்?"

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அத்தையைப் பார்த்தாள். அப்படி யாரும் கேட்டதில்லை போலும். விடுதிக் கார் கொண்டுபோய் விடுமாம். ஆனால் அவள் வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது. சந்து விளக்கும் எரிவதில்லை. அந்த ஐம்பது கஜம்தான் பயம். அம்மா டார்ச்சு விளக்கோடு சந்து முனையில் நிற்பாள் என்றாள்.

'ஏன் போனாய்?' என்று கேட்பதற்குப் பதில், 'எப்படித் திரும்புவாய்?' என்று கேட்டதும் எவ்வளவு சங்கதி வெளியே வந்துவிட்டது, பாருங்கள்! கார் வேண்டும், சந்தில் விளக்கு வேண்டும், கடைசி பஸ் வேண்டும். இவையெல்லாம் நாம் முனிசிபாலிடியிடமும் முதலாளியிடமும் கேட்டு வாங்கக் கூடிய சாமான்கள்.

வீடு திரும்பும்போது மணி பத்தரை. கதவைத் திறந்ததும் அத்தை கைப்பையிலிருந்து, விடுதியின் பெயர் அச்சடித்த காகிதக் கைத்துண்டு ஒன்றை எடுத்து நீவினாள். நேரே கூடத்துக்குப் போய் அத்திம்பேர் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"நானும் போயிட்டு வந்தேன்னு அவருக்குத் தெரியட்டும்" என்றாள்.

மூன்றாவது நிபந்தனையை மட்டும் நான் காப்பாற்றவில்லை. அப்பா இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் படிக்கிறவர்.